ஈரம் கழித்துச் சொன்ன பாடம்

திண்டுக்கல்,
டயாலிசிஸ் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு,
புதன்கிழமை பகல்.

படிப்பில் மலையேறி, அந்த மலைமேலேயே பள்ளிக்கூட வேலையும் வாங்கி, அருணாசலப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு அறிவைப் படி போட்டு அளந்துகொண்டிருக்கும் என் அக்காள் மகள், மருமகள் கீர்த்தனாவுக்கு, நிலக்கோட்டைப் பூச்சந்தையின் ஏலக்குரலும் பத்து ஊருக்குக் கேட்கும் தொண்டைக்குச் சொந்தக்காரனுமான உன் மாமன் தங்கமுத்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அங்கே நீ கம்பளியைக் கழற்றாமல் இருக்கவும்.

இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்ப வேண்டாம். கதை இதுதான்: உன் மாமன் நாற்பத்தொன்பது வயதில் ஒரு பாடப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

போனில் சொல்லலாமே, எதற்குத் தபால் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அத்தை, "யாரு, கீர்த்தனாவா? இங்க குடுங்க" என்று கையை நீட்டுவாள். கொடுத்தால், "நல்லா இருக்கேன் தாயி, வாராவாரம் ஒரு ஊசி, அம்புட்டுதான்" என்று உன்னிடம் பொய் சொல்வாள். நம் வீட்டில் பொய் சொல்வது என்னுடைய உத்தியோகம். அதில் அவள் கை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து ஏலக்கடைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஊசி இல்லை தாயி. சர்க்கரை அவள் கிட்னி இரண்டையும் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து மெஷினில் படுக்க வைக்கிறேன். அந்த மெஷின் சர்க்கரை ஆலையைவிடப் பெரியது. உள்ளே போகும் ரத்தம் ஏழு கடல் ஏழு மலை சுற்றிப் பார்த்துவிட்டு, சாவகாசமாகக் காசி ராமேஸ்வரமும் போய்விட்டுத்தான் திரும்புகிறது. நான்கு மணி நேரம். அதுவரை நான் இந்த பெஞ்சுக்குக் காவல். என் உட்காரும் பாகத்தின் அச்சு இதில் பதிந்துவிட்டது. வருங்காலத்தில் தொல்லியல்காரர்கள் தோண்டி எடுத்து, ஏதோ ஒரு மன்னர் அமர்ந்த இடம் என்று எழுதி வைப்பார்கள்.

திரும்பும்போது அவள் பேசுவதில்லை. காந்திகிராமம் ஸ்டாப் வந்தால் மட்டும், நீ படித்த இடம் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவாள். இந்தத் திங்கட்கிழமை அதையும் செய்யவில்லை. கண்ணை மூடியே வந்தாள். நிலக்கோட்டையில் இறங்கும்போது பஸ்ஸின் கடைசிப் படியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "இனிமே என்னைய இந்த பஸ்ஸுல ஏத்தாதீங்க. எனக்குப் போதும். நீங்க நல்லாத்தான் பாத்தீங்க" என்றாள். பார்க்கிறீங்க என்று சொல்லவில்லை. பாத்தீங்க என்றாள். நான் உடனே, கவலையை விடு, புதன்கிழமைக்கு ஹெலிகாப்டர் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்டக்டர்தான் சிரித்தார்.

இன்று எப்படி வந்தாள் என்று கேட்காதே. வந்தாள். அவ்வளவுதான்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்கிற ஒரு வழி இருக்கிறது. வயிற்றில் மெல்லிய குழாய் வைத்துவிடுவார்கள். பையில் வரும் மருந்துத் தண்ணீரை அதன் வழியே உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்தால், உடம்பில் தேங்கிய கழிவு அதோடு வந்துவிடும். தினமும், பல தடவை. பஸ் இல்லை, பெஞ்சு இல்லை. குழாய் வைத்துப் புண்ணும் ஆறிவிட்டது. செய்வதற்கு ஆள் வேண்டும். உன் அத்தைக்குக் கண்ணில் மங்கல், விரலில் நடுக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிள்ளையே நீதான். மிச்சம் இருப்பது நான். அழுக்குக் கை, அகல வாய், எட்டாம் வகுப்போடு கல்வித்துறைக்கு விடுதலை கொடுத்தவன்.

பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் பெயர் மெஹராஜ். திண்டுக்கல்காரப் பெண். இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "வீட்டுல படிச்சிட்டு வாங்கண்ணே. நான் கேக்குறதுக்குச் சரியாச் சொல்லி, செஞ்சும் காமிச்சீங்கன்னா கையெழுத்துப் போடுவேன். அப்பத்தான் பை வீட்டுக்கு வரும்" என்றார். சரியாகச் செய்யாவிட்டால் கிருமி குழாய் வழியே வயிற்றுக்குள் போய்விடும். போனால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அதை எழுத மாட்டேன்.

நான் படித்தேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. முக்கியமானதற்குக் கோடு போட வேண்டும் என்று எப்போதோ கேட்டிருந்தேன். பூ மூட்டையில் பேர் எழுதும் கறுப்பு மார்க்கரை எடுத்தேன். உயிர் விஷயம், எந்த வரியை முக்கியமில்லை என்று விடுவது? எல்லாவற்றுக்கும் போட்டேன். மை மறுபக்கம் ஊறி, மூன்றாம் பாடத்துக்கு வரும்போது புத்தகத்துக்குள் கரண்ட் போன மாதிரி ஆகிவிட்டது; வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். அப்படியே போய் நின்றேன். பையை மாட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். அந்தப் பக்கத்தில் இடப்புறம் ஒரு படம் இருந்தது என்பது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் பண்ணி, பாடப்புத்தகத்தை எப்படித் தாயி படிக்கிறது என்று கேட்டது. "என்ன மாமா, பத்தாவது எழுதப் போறீங்களா?" என்றாய். ஆமாம், மாநிலத்திலேயே முதலிடம் வாங்கி உன் அம்மா முகத்தில் கரி பூசப்போகிறேன் என்றேன். நீயும் சிரித்துவிட்டு, மெனக்கெட்டு ஒரு பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாய். நீ நினைத்த பரீட்சை வேறு; உன் அத்தை பக்கத்தில் இருந்ததால் நான் சொல்லவில்லை.

உன் பக்கத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். நேராக உள்ளே குதிக்காமல் முதலில் தலைப்பையும் படத்தையும் மட்டும் புரட்டிப் பார் என்றாய். பார்த்தேன். சந்தைக்கு வந்ததும் மூட்டையைப் பிரிக்காமல் ஒரு சுற்று நடந்து வருகிற மாதிரி இருந்தது. எந்தச் சரக்கு எங்கே என்று பிடிபட்டது. தலைப்பைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பதில் தேடிப் படி என்றாய். 'கை கழுவும் முறை' என்று ஒரு தலைப்பு. அதை, 'தங்கமுத்து, நீ பிறந்தது முதல் எப்போதாவது கை கழுவியிருக்கிறாயா?' என்று மாற்றினேன். பதில் தேடிப் படித்தேன். கழுவியதே இல்லை.

ஏன், ஏன் என்று புத்தகத்தோடு சண்டை போடு என்றும் எழுதியிருந்தாய். இந்த வெயிலில் எதற்காக ஃபேனை நிறுத்தச் சொல்கிறான், நாம் வேகவா என்று சண்டைக்குப் போனேன். காற்று தூசியைக் கிளப்பும், தூசி குழாய் முனையில் உட்காரும், முனையில் உட்கார்ந்தது வயிற்றுக்குள் போகும். அதோடு ஃபேன் விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. காரணம் தெரியாதபோது நான்கு தரம் மறந்தது அது.

அதற்கு அப்புறம்தான் உன் பக்கத்தில் ஓர் ஓட்டை. புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப்பாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கே உள்ள பிள்ளைகளுக்கு அது சரி. என் சொந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷமாக ஒரு கூடை மல்லியை ஒரு வனம் என்று கூவி விற்றவன் நான். வாயைத் திறந்தால் எல்லாம் பெருத்துத்தான் வெளியே வரும்.

இன்று காலை இரண்டாவது தரம் கேட்டார்கள். வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் இரண்டு லிட்டர் பையை 'குடம் குடமாக' என்றேன். இளஞ்சூட்டில் வைக்க வேண்டியதை 'கொதிக்கக் கொதிக்க' என்றேன். குழாய் முனையில் தெரியாமல் விரல் பட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றபோது, அந்த விரலை வெட்டி வைகையில் போட்டுவிடுவேன் என்றேன். சிஸ்டர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அண்ணே, நீங்க சொல்றத நாள் பூராக் கேக்கலாம். ஆனா கையெழுத்துப் போட ஏலாது. கொதிக்கிறதுன்னு உங்க வாயில வந்தா ஒரு நாளு கையிலயும் வந்துரும். அடுத்த புதன் கடைசியாக் கேக்குறேன். அன்னிக்கும் இப்படின்னா, மெஷினே தொடரட்டும்னு டாக்டர்ட்ட சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

கோபம் எங்கே தாயி வருகிறது. மெஷினே தொடரட்டும் என்கிறார். உன் அத்தை படியில் நின்று சொன்னது அவருக்குத் தெரியாது.

அடுத்த புதனுக்குள் இன்னும் இரண்டு தரம் அவளை பஸ் ஏற்ற வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த வார்த்தையை எப்படி இளைக்க வைப்பது என்று உன் படிப்பில் ஏதாவது வழி இருந்தால் எழுது. உள்ளே மணி அடிக்கிறது. அவளை இறக்கப் போகிறார்கள். உன்னிடம் சொன்னேன் என்று அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
பெஞ்சரசன்,
உன் மாமன் தங்கமுத்து.


நிலக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம்.

அன்பு மருமகளுக்கு,

போன கடிதம் உன் மலையில் ஏறியிருக்குமோ, பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்குமோ. அதற்குள் கதை முடிந்துவிட்டது. ஆகவே நீ சிரமப்பட்டு ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை சந்தைக்குப் போகவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பாடத்தைச் சுவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில். சுவரைப் பார்த்து முகம் திருப்பி, முதுகை எனக்குக் காட்டிப் படுத்திருந்தாள் உன் அத்தை. காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. உப்பில்லாத சோறு, உப்பில்லாத வெஞ்சனம், யாருக்குத்தான் இறங்கும். நான் பாட்டுக்கு, பையில் இருபது லிட்டர் தண்ணீர் என்று முழங்கினேன். முதுகு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஈரத்தக் கழிங்க."

இது உனக்குப் புரியாது. சந்தையில் பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்போம். கொஞ்சம் தாராளமாகவே தெளிப்போம், எடை ஏறும் அல்லவா? விவரமான வியாபாரி கூடையை ஓர் உதறு உதறி, ஈரத்தைக் கழித்து எடை போடு என்பான். கல்யாணத்துக்கு முன்னால் உன் அத்தை, பஸ் ஸ்டாண்டில் கட்டி விற்பதற்கு எங்கள் கடையில்தான் பூ வாங்குவாள். நான் வாய் வலிக்கக் கூவி முடித்ததும், இந்த மூன்று சொல்லைத்தான் அசராமல் சொல்வாள். "ஈரத்தக் கழிச்சுப் போடுங்க."

சரி, பத்து லிட்டர் என்றேன். "இன்னும் கழிங்க" என்றது முதுகு. இரண்டு என்றேன். முதுகு பேசாமல் இருந்தது. அதுதான் சரியான எடை.

அன்று முழுக்க அப்படியே போனது. நான் ஒப்பிப்பேன், அவள் கழிப்பாள். கொதிக்கக் கொதிக்க என்றால், "கழிங்க." உடம்புச் சூடு அளவு என்றால் மௌனம். அவள் தப்பு என்ற இடத்தை மட்டும் திரும்பத் திறந்து பார்ப்பேன், மறுபடி மூடுவேன். நான் தடுக்கி விழுகிற இடங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. இத்தனைக்கும் அவள் அந்தப் புத்தகத்தை ஒரு வரி படித்ததில்லை. அந்தக் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்கும்போது காதில் வாங்கியதுதான். பாடம் தெரியாவிட்டாலும் அவளுக்கு என்னைத் தெரியும். எந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பேன் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு எப்படிக் கிளப்புவது என்று பயந்துகொண்டிருந்தேன். அவளே எழுந்து தலை வாரினாள். "அந்த மூணாம் பாடத்த பஸ்ஸுல வச்சுச் சொல்லுங்க. அதுலதான் நெறையா புளுகுறீங்க" என்றாள். கீர்த்தனா, நான் அன்று பஸ்ஸில் சொன்ன பாடத்தைக் கேட்டு, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். பயணிகள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முன் சீட்டில் இருந்த ஆடு ஒன்று முகமூடி கேட்டது. கண்டக்டர் மட்டும், "என்னம்மா, ஐயாவுக்குப் பரிச்சையா?" என்று அவளிடம் விசாரித்தார். "ஆமாந்தம்பி, ரெண்டு தடவ கோட்ட விட்டாரு. மண்டையில ஏற மாட்டேங்குது" என்றாள் உன் அத்தை, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. அவ்வளவு சத்தமாக அவள் பேசி எத்தனை மாசம் ஆயிற்று.

புதன்கிழமை வந்தது. என்னோடு அவளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சிஸ்டர் கேட்டார். நான் சொன்னேன். கதவைச் சாத்தணும். ஃபேனை நிறுத்தணும். ரெண்டு பேருக்கும் முகமூடி. கையைக் கழுவித் துடைக்கணும். பையில தேதி பாக்கணும், ஒழுகுதான்னு பாக்கணும். மொதல்ல வடிக்கணும், அப்புறம் அலசணும், அப்புறம் நிரப்பணும். முனையில் விரல் பட்டுவிட்டால் என்ற கேள்வி வந்ததும் வைகை ஆறு என் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் இருந்த உன் அத்தையைப் பார்த்தேன். மாட்டக்கூடாது சிஸ்டர், மூடி வச்சிட்டு உங்களுக்குப் போன் பண்ணணும் என்றேன். வடித்த தண்ணீர் கலங்கலாக வந்தால் என்று கேட்டார். பையைக் கையோட எடுத்துக்கிட்டு அன்னிக்கே இங்க வரணும் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

சிஸ்டர் மெஹராஜ் பேனாவைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "இன்னிக்கு மட்டுந்தான் சிஸ்டர். நாளைக்குப் பழையபடி ஆயிருவாரு" என்றாள் உன் அத்தை. அப்புறம் பொம்மை வயிற்றில் செய்து காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

போட்டதும் திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து இருபத்தோரு பீரங்கி முழங்கியது. கலெக்டர் காரை அனுப்பினார், நான்தான் வேண்டாம் என்றேன். நிலக்கோட்டைச் சந்தைக்கு மூன்று நாள் விடுமுறை விட்டு, ஊரே என் மேல் மல்லிகையைக் கொட்டியதில் எனக்கு மூச்சு முட்டி, என்னை மீட்க ஒரு படையே வந்தது.

நேற்றுப் பைகள் வந்துவிட்டன, பெட்டி பெட்டியாக. முன்னறையைக் காலி செய்து கழுவிவிட்டோம். பூக்கூடை, நார், தராசு எல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டன. இன்று காலை கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நிரப்பி அனுப்பிய தண்ணீரை முதல்முறையாக நானே வடித்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது, கை கழுவியாகிவிட்டது. அவள் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொன்றுக்கும் அடுத்தது என்ன என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாமல் கேட்கவில்லை. நான் ஒரு படியைத் தாண்டிவிடக் கூடாதே என்றுதான்.

இனி தினமும் இதுதான். காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன்னால். தீபாவளிக்கு லீவு இல்லை, காய்ச்சலுக்கு லீவு இல்லை. நினைத்தால் இப்போதே முதுகு வலிக்கிறது. சந்தையில் பாதி நாள் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன். குரலும் முன்போல இல்லை, உண்மையாகவே கொஞ்சம் ஓய்ந்துவிட்டேன் தாயி. அவள் இப்போது தூங்குகிறாள். பஸ் ஆட்டம் இல்லாத தூக்கம்.

பள்ளிக்கூட லீவுக்கு வருவாய்தானே? வந்தால் உன் பெட்டியில் சுவெட்டர் குறைவாக இருக்கட்டும், நாள் அதிகமாக இருக்கட்டும். இரண்டு நாள் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை நீயும் படித்துக்கொள். கறுப்பு மை இல்லாத புதுப் புத்தகம் ஒன்று சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வைக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது, நூற்றிருபது வயது வரை என்று எமனிடம் பேசி முடித்திருக்கிறேன். இருந்தாலும் இந்த வீட்டில் இதைத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால், நானும் நிம்மதியாக ஒரு தும்மல் தும்முவேன். கட்டாயம் வா.

இந்தக் கதையில் பீரங்கி பொய். கலெக்டர் கார் பொய். மல்லிகை மழை பொய், ஆடு கேட்ட முகமூடியும் பொய். வடித்த தண்ணீர் நல்லதா என்று பார்க்க, பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைக்க வேண்டும், எழுத்து தெரிந்தால் தெளிவு என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தில் நான் கறுப்பாக்காத ஒரே பக்கம் கடைசிப் பக்கம்தான். அதன் மேல் வைத்தேன். உன் அத்தை, "தெரியுதா?" என்றாள். ஒவ்வோர் எழுத்தாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அது ஒன்று மட்டும் நடந்தது.

இப்படிக்கு,
உன் மாமன்,
தங்கமுத்து.